இன்ச் டேப்பில் வந்த பின்னக் கணக்கு

அமெரிக்காவில் நான் இருக்கும் ஊரில் யூத்பில்ட் என்ற திட்டத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், 16 முதல் 24 வயதுக்குள். சில நாள் வகுப்பு, சில நாள் கட்டட வேலை. வகுப்பில் ஜிஇடி என்ற, பள்ளிப் படிப்புக்குச் சமமான தேர்வுக்கோ பள்ளி டிப்ளமோவுக்கோ படிக்கிறார்கள், வேலை நாளில் வசதியில்லாத குடும்பங்களுக்காக வீடு கட்டுகிறார்கள், இடிந்ததைச் செப்பனிடுகிறார்கள். கையில் கொஞ்சம் உதவித்தொகையும் கிடைக்கும்.

போன மாதம் 19 வயதுப் பையன் ஒருவனிடம் 3/8-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னேன். தாளைத் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னம் வராது என்றான். இடுப்பில் இன்ச் டேப் தொங்கியது, ஓர் இன்ச்சைக் கோடு போட்டுப் பதினாறாகப் பிரித்த டேப். அதைக் காட்டி, முக்கால் இன்ச்சுக்கு ஒரு கோடு முன்னால் எவ்வளவு என்று கேட்டேன். பட்டென்று பதினொன்று பை பதினாறு என்றான்! சுவர்ச் சட்டத்தில் 16 இன்ச்சுக்கு ஒரு கட்டை நிறுத்துகிறவனுக்கா பின்னம் வராது? அப்புறம் டேப்பை மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு, ஆறு கோடு, நாலு கோடு, மொத்தம் பத்து, அதாவது 5/8 என்று அவனே சொல்லிவிட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்தத் திட்டம் ஒரு கேள்வியில் தொடங்கியது. 1978-ல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லமில் டோரதி ஸ்டோன்மன் என்பவர் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம், பெரியவர்கள் துணைக்கு வந்தால் உங்கள் பகுதிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆளில்லாமல் பாழாய்க் கிடக்கும் வீடுகளைச் சரிசெய்வோம் என்று அவர்கள் சொல்ல, அப்படியே ஒரு கட்டடத்தை எடுத்துச் செய்தார்கள். 1992-ல் இதற்கு அரசு நிதி தரச் சட்டம் வந்தது, 2006-ல் திட்டம் தொழிலாளர் துறைக்கு மாறியது. அமெரிகார்ப்ஸ் என்ற அரசின் சேவைத் திட்டம் மூலம் சேவை செய்கிறவர்களுக்கு, குறித்த மணி நேரத்தை முடித்தால் மேற்படிப்புக்கும் பணம் உண்டு.

அந்தக் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளைகளைத் திட்டியவர்கள் உண்டு, பாவம் என்றவர்கள் உண்டு, உன்னால் எங்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்று கேட்டவர்கள்தான் இல்லை. எல்லாரும் கரையேறுவதில்லை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமலோ, இரவு ஷிப்ட் கிடைத்தோ நின்றுவிடுகிறார்கள், அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அந்த இன்ச் டேப் பையன் போனில் ஒரு படம் காட்டினான். வீடு முடிந்து ஒரு பாட்டி குடிவந்துவிட்டாராம், வாசற்படி இவன் போட்டது. ஜிஇடியில் நான்கு பாடம், ஒவ்வொன்றாக எழுதலாம். மூன்றை முடித்துவிட்டான். கணக்கு அடுத்த மாதம்.