முதலாம் தெருவிலிருந்து வில்ஷயர் வரை

லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவில், முதலாம் தெருவின் வடபுற நடைபாதையில் நடப்பவர் தலையைக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த ஆண்டில் என்ன கடை இருந்தது என்பதை அங்கே காலடியிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கடைகள் இப்போது அந்த எழுத்துகளில் மட்டுமே இருக்கின்றன. 1903இல் தொடங்கிய ஃபுகெட்சுடோ என்னும் இனிப்புக் கடை இன்னும் அதே தெருவில் நடக்கிறது. அங்கே ஒரு மோச்சி வாங்கித் தின்றேன். நம் கொழுக்கட்டையின் மேல்மாவை இன்னும் நன்றாக இடித்து மென்மையாக்கி, உள்ளே பயற்றம் பூரணம் வைத்தது போன்ற பதம்.

இந்த நடைக்குக் காரணம் முந்தைய இரவு நடந்த ஒரு பேச்சு. டாரன்ஸில் இருக்கும் பெரியம்மா மகன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு கணக்கை எடுத்துப் போட்டார். பியூ ஆய்வு மையத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 83,000 டாலர். கொரிய வம்சாவளிக் குடும்பத்துக்கு 72,200 டாலர். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் முறையே 8 விழுக்காடு, 11 விழுக்காடு. "பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள், ஏறக்குறைய ஒரே சோறு, ஒரே ஊருக்குத்தான் வந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இவர்கள் ஏன் ஒரு படி மேலே நிற்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். ஜப்பானியரின் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று அவரே ஒரு விடையும் வைத்திருந்தார். எனக்கு அந்த விடை ஒப்பவில்லை. ஆனால் அப்போது எதிர்வாதம் செய்யக் கையில் ஒன்றும் இல்லாததால் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

தெருவின் கோடியில் ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பழைய கட்டடம் 1925இல் எழுந்த நிஷி ஹொங்வான்ஜி புத்தக் கோயில். 1942இல் இந்த வட்டாரத்து ஜப்பானியர்கள் பெட்டி படுக்கைகளோடு வந்து நின்று பேருந்து ஏறியது இதன் வாசலில்தான். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணை, அமெரிக்காவில் பிறந்து குடியுரிமை பெற்றிருந்தவர்களையும் சேர்த்து, மேற்குக் கரையில் இருந்த ஜப்பானியர் அனைவரையும் தடுப்பு முகாம்களுக்குத் துரத்தியது. துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவின் மீனவக் குடும்பங்களுக்கு 48 மணி நேர அவகாசம் மட்டுமே கிடைத்தது. உள்ளே, வயோமிங் மாநிலத்து ஹார்ட் மவுண்டன் முகாமிலிருந்து பெயர்த்துக்கொண்டுவந்த மரக்கொட்டகையின் ஒரு பகுதியை நிறுத்தியிருந்தார்கள். பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி. அங்கே பனிக்காலத்தில் குளிர் சுழியத்துக்கு வெகுவாகக் கீழே இறங்கும்.

நான் சென்றது 2024 அக்டோபரில் என்பதால், முகாம்களில் அடைபட்டவர்களின் பெயர்ப் புத்தகம் அங்கே இருந்தது. இரெய்ச்சோ என்று அதற்குப் பெயர். மொத்தம் 1,25,284 பெயர்கள். வருகிறவர்கள் ஒரு பெயரின் அருகே சிறு முத்திரை ஒன்றை ஒற்றி வணங்கிவிட்டுப் போகலாம். ஒரு மூதாட்டி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு பெயர்களுக்கு முத்திரை ஒற்றினார். நான்காவது பெயருக்கு அருகே வந்ததும், "இது நான்" என்று அங்கே நின்ற பணியாளரிடம் சொன்னார்.

வழிகாட்டியாக வந்த தன்னார்வலர் மூன்றாம் தலைமுறைக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். இவர்கள் தலைமுறைகளை எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள்: வந்தவர் இஸ்ஸெய், அவர் பிள்ளை நிஸெய், பேரன் ஸான்ஸெய். அவருடைய தாத்தா காய்கறி பயிரிட்டவர். கலிபோர்னியாவின் 1913ஆம் ஆண்டு அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கக் கூடாது என்றது. யார் தகுதியற்றவர் என்பதை 1922இல் ஒஸாவா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: ஜப்பானியர் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை இல்லை. அடுத்த ஆண்டே பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே தீர்ப்பு வந்தது என்பதை அவரிடம் சொன்னபோது, தமக்குத் தெரியும் என்று தலையசைத்தார். தாத்தா என்ன செய்தார் என்று கேட்டேன். இங்கே பிறந்ததால் குடியுரிமை பெற்றிருந்த கைக்குழந்தையின் பெயரில் நிலத்தை வாங்கினாராம். நம் ஊரில் பினாமி என்போம். ஆனால் இங்கே வேறு வழியே இல்லாதவரின் பினாமி அது.

விதை வாங்கவும் கடை வைக்கவும் முதல் எங்கிருந்து வந்தது என்ற என் கேள்விக்கு அவர் சொன்ன விடை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தானோமோஷி என்றார். ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி மாதாமாதம் பணம் போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஏலமும் உண்டு, குலுக்கலும் உண்டு. நம் சீட்டுதான், வேறொன்றும் இல்லை. வங்கி வாசலில் நிற்க முடியாதவர்களின் வங்கி அது. வங்கியில் போட்டவர்கள் பட்ட பாடு தனிக்கதை. யோக்கோஹாமா ஸ்பீசி வங்கியின் கலிபோர்னியக் கிளைகளில் சேமித்து வைத்திருந்தவர்களின் பணத்தைப் போர் தொடங்கியதும் அரசு எதிரிச் சொத்து என்று எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்த வழக்கு 1967இல்தான் உச்ச நீதிமன்றத்தில் பணம் போட்டவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

ஆக, 1945இல் முகாமிலிருந்து திரும்பியவர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பினார்கள். லிட்டில் டோக்கியோவே அப்போது அவர்கள் கையில் இல்லை. போர்க்காலத் தொழிற்சாலை வேலைக்குத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர் அங்கே குடியேறியிருந்தனர், பெயரும் பிரான்ஸ்வில் (Bronzeville) என்று மாறியிருந்தது. 1948ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த மொத்தத் தொகை சுமார் 37 மில்லியன் டாலர் மட்டுமே. பண்ணையை இழந்தவர்கள் பலரும் தோட்டக்காரர்கள் ஆனார்கள். புல்வெட்டும் கருவியும் ஒரு பழைய வண்டியும் இருந்தால் போதும், முதலும் ஆங்கிலமும் அதிகம் தேவையில்லை. அந்தத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள்தான், கலிபோர்னியா செழித்த காலத்தில், குறைந்த கட்டணத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படித்துப் பொறியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் ஆனார்கள். அண்ணன் சொன்ன 83,000 டாலர் இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஈட்டுவது. ஜப்பானிய வம்சாவளியினரில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். கொரியர்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் வெளியே பிறந்து வந்தவர்கள். பேரனின் சம்பளத்தையும் தாத்தாவின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வீட்டார் கெட்டிக்காரர் என்று கேட்பது போன்ற கணக்கு இது.

மதியம் லிட்டில் டோக்கியோ நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஏழாம் தெரு நிலையத்தில் மாறி, வில்ஷயர் நார்மண்டியில் இறங்கினேன். கட்டணம் ஒன்றே முக்கால் டாலர். படி ஏறி வெளியே வந்தால் அடையாளப் பலகைகளின் எழுத்தே மாறிவிட்டிருந்தது. லிட்டில் டோக்கியோவில் ஜப்பானிய எழுத்து ஓரளவு அலங்காரம்; கொரியாடவுனில் ஹங்குல் என்னும் கொரிய எழுத்து அன்றாடத் தேவை. கண் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர், தனிப்பயிற்சி நிலையம் என அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் அந்த எழுத்துதான்.

கொரியரின் வருகையும் பழையதே. 1903 ஜனவரியில் முதல் கப்பல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு 102 பேரைக் கொண்டுவந்தது. ஆனால் 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிய பின் அவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1941இல் போர் வந்தபோது, ஜப்பானை வெறுத்த அந்த மனிதர்களை அமெரிக்க அரசு ஜப்பானியப் பிரஜைகளாகக் கணக்கிட்டது. தாம் கொரியர் என்று சட்டையில் அடையாள வில்லை குத்திக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியிருந்தது. இந்தச் சிறு கூட்டத்தை விட்டால், இன்றைய கொரியாடவுன், ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் விளைவு. ஹை டக் லீ என்பவர் 1971இல் ஒலிம்பிக் சாலையில் மளிகைக் கடை திறந்தார். அதைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. 1987இல் மட்டும் 35,000க்கு மேற்பட்ட கொரியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள்.

வந்தவர்களில் பட்டதாரிகள் ஏராளம். அண்ணனின் கணக்கில் அவர் சொல்லாமல் விட்ட வரி ஒன்று உண்டு: பட்டம் பெற்றவர்கள் கொரியரில் 57 விழுக்காடு, ஜப்பானியரில் 52. அதிகம் படித்தவர்கள் குறைவாக ஈட்டுகிறார்கள். ஸியோலில் மருந்தாளராகவோ ஆசிரியராகவோ இருந்தவரின் சான்றிதழ் இங்கே செல்லாது, ஆங்கிலமும் நாவில் வராது. எஞ்சியது கடை. கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965இல் வெடித்த கலவரத்துக்குப் பின் தெற்கு லாஸ் ஏஞ்சலஸை விட்டுக் கிளம்பிய யூத வணிகர்களின் மளிகைக் கடைகளையும் மதுக்கடைகளையும் காலப்போக்கில் இவர்கள் வாங்கினார்கள். முதல் எங்கிருந்து வந்தது என்று உணவகம் நடத்தும் அம்மையார் ஒருவரிடம் கேட்டேன். கியே என்றார். மாதச் சீட்டு! ஒருவரையொருவர் பகைத்த இரண்டு நாட்டவரும், அறுபது ஆண்டு இடைவெளியில், ஒரே சீட்டைக் கட்டித்தான் இந்த ஊரில் கடை திறந்திருக்கிறார்கள். அம்மையார் மூன்றாவது மாதம் எடுத்த பணம் முன்தொகையாயிற்று. கணவனும் மனைவியும் பதினான்கு மணி நேரம் நின்றார்கள். வேலையாளுக்குக் கூலி கொடுக்காமல் தாமே நிற்பதுதான் அந்தக் கடைகளின் இலாபம்.

1992 ஏப்ரல் 29ஆம் தேதி, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதும் நகரம் எரிந்தது. முந்தைய ஆண்டு மார்ச்சில், ஆரஞ்சுப் பழச்சாறு தொடர்பான தகராறில் லதாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியைக் கொரியக் கடைக்காரப் பெண்மணி ஒருவர் சுட்டுக் கொன்றிருந்தார். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் நெருப்போடு சேர்ந்துகொண்டது. சுமார் 2,200 கொரியக் கடைகள் சேதமடைந்தன, ஏறத்தாழ 400 மில்லியன் டாலர் இழப்பு. காவலர்கள் வரவில்லை. கொரிய வானொலியில் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் உதவிக்கு அழைத்தார்கள். கூரைகளில் துப்பாக்கியோடு நின்றார்கள். காப்பீடு வைத்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் நிறுவனம் கலிபோர்னியாவில் உரிமம் பெறாதது என்பது அதன் பின்னரே தெரிந்தது. கொரியர்கள் அந்த நாளை ஸா-இ-கு, அதாவது நான்கு-இரண்டு-ஒன்பது என்று எண்களால் மட்டுமே சொல்கிறார்கள். காலையில் நான் பார்த்த அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குக் குறித்திருந்த நாள் மறுநாள், ஏப்ரல் 30. அரசே தேடி வந்து அழித்த மக்களின் நினைவகம் திறக்கவிருந்த அன்றைக்கே, அதே ஊரில் வேறு சிலர் வராத அரசை எதிர்பார்த்துக் கூரைமேல் நின்றிருந்தார்கள்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்விளைவு உண்டு. ஜப்பானியர் அரசிடம் கணக்குக் கேட்க முடிந்தது. ஆணை இருந்தது, கையெழுத்து இருந்தது, 1963இலேயே செனட்டில் நுழைந்த டேனியல் இனோவேயும், சிறுவயதில் முகாமில் அடைபட்ட நார்மன் மினெட்டாவும் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்போடு உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தந்தது. 82,000 பேருக்கு மேல் பெற்றுக்கொண்டார்கள். கொரியர்களுக்கு அப்படி நீட்ட ஒரு காகிதம் இல்லை. கலவரத்தின்போது நகர மன்றத்தில் ஒரு கொரியர்கூட இல்லை. முதல் ஆளாக டேவிட் ரியு 2015இல்தான் வந்தார். அவர்கள் வேறு வழியில் போனார்கள். இந்த ஊரில் பிறந்த ஹன்மி வங்கி, பல இணைப்புகளுக்குப் பின் 2016இல் உருவான பேங்க் ஆஃப் ஹோப் என்று வில்ஷயர் சாலையில் சொந்த வங்கிகள் நிற்கின்றன. அருகிருக்கும் அலுவலகக் கட்டடங்கள் பலவும் கொரியர் முதலீட்டில் வாங்கியவை. லிட்டில் டோக்கியோவிலோ வாடகை ஏறி, பழைய கடைகள் காலிசெய்கின்றன; 2024இல் அழிவின் விளிம்பிலுள்ள அமெரிக்க வரலாற்று இடங்களின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். வருமானக் கணக்கில் முந்தி நிற்பவர்களின் தெரு தேய்கிறது, பிந்தி நிற்பவர்களின் தெரு வீங்குகிறது. அண்ணனின் ஒற்றை எண்ணில் இது எங்கே தெரியும்?

கொரியாடவுன் என்று பெயர் இருந்தாலும் அங்கே குடியிருப்போரில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்கர்கள். மூன்றாம் தெருவில் லிட்டில் பங்களாதேஷ் என்று ஒரு பலகையும் நிற்கிறது. அம்மையாரின் உணவகத்தில் எனக்கு டோஃபு குழம்பு கொண்டுவந்த பெண் கொரியமும் ஸ்பானிஷும் மாற்றி மாற்றிப் பேசினாள். அடுப்பங்கரையில் இருந்தவர் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துக்காரர், பத்தொன்பது ஆண்டுகளாகக் கிம்ச்சி போடுகிறவர்.

அம்மையாரின் மகள் இர்வைனில் மருந்தாளராக இருக்கிறாள். தாய் இந்த ஊரில் செய்ய முடியாமல் போன வேலை. கடையை அவள் எடுத்து நடத்துவாளா என்று கேட்டேன். பில்லை மடித்து என் முன் வைத்தவர், சமையலறையின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவர்தான் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார்.