பதினொன்றாவது பெயர்

விமான டிக்கெட் போடுகிறவனுக்கு ஊர்கள் கிடையாது, மூன்று எழுத்துகள்தான். போர்ட் மோர்ஸ்பி என்றால் பி.ஓ.எம்., சாலமன் தீவுகளின் ஹோனியாரா எச்.ஐ.ஆர்., ஆக்லாந்து ஏ.கே.எல். ஃபிஜியில் நாடி என்று எழுதிவிட்டு நாந்தி என்று சொல்கிற ஊருக்கு என்.ஏ.என். 2008இல் திருச்சியிலிருந்து பப்புவா நியூ கினிக்கு வேலைக்குப் போனபோது எனக்கு அந்த நாட்டைப் பற்றித் தெரிந்தது இந்த எழுத்துகள் மட்டுமே. போர்ட் மோர்ஸ்பியில் போரோக்கோ பகுதியில் ஒரு டிராவல் ஏஜென்சி, மூன்று கம்ப்யூட்டர், சுற்றிலும் முள்கம்பிச் சுருள் போட்ட சுவர், வாசலில் எந்நேரமும் பாக்கு மென்றுகொண்டு ஒரு காவலாளி. பாக்கை அங்கே புவாய் என்பார்கள். வெற்றிலைக்குப் பதில் வெற்றிலைக் கொடியின் நீளமான காய், அதைக் கடுகு என்பார்கள், கூடவே சுண்ணாம்பு. ஊரெல்லாம் சிவப்பாகத் துப்பி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்து ஒரு நிம்மதியே ஏற்பட்டது.

நான் சொல்ல வந்தது 2009-10 சீசனைப் பற்றி. ஓசியானியா சாம்பியன்ஸ் லீக், அதாவது பசிபிக் தீவு நாடுகளின் கிளப் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டி. எட்டு அணிகள், இரண்டு பிரிவு. ஒவ்வொரு அணியும் தன் பிரிவில் மற்ற மூன்றுடனும் சொந்த ஊரில் ஒன்று, அங்கே போய் ஒன்று என்று ஆறு ஆட்டம் ஆட வேண்டும். எங்கள் ஊர் அணி பி.ஆர்.கே. ஹெக்காரி யுனைடெட். பி.ஆர்.கே. என்பது பெட்ரோலியம் ரிசோர்சஸ் குட்டுபு என்ற கம்பெனிப் பெயரின் சுருக்கம், எண்ணெய்க் காசு. அவர்கள் பிரிவில் ஃபிஜியின் லவுட்டோக்கா, வனுவாட்டுவின் டாஃபியா, சாலமன் தீவுகளின் மாரிஸ்ட்.

படிக்கும்போது பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரித்தான் தெரியும். உட்கார்ந்து டிக்கெட் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் சங்கதி. அப்போது மோர்ஸ்பியிலிருந்து வனுவாட்டுவுக்கு நேர் விமானம் இல்லை. பிரிஸ்பேன் வழியாக ஆஸ்திரேலியாவுக்குள் போய்த் திரும்பி வர வேண்டும், அல்லது ஹோனியாரா, நாந்தி என்று தாவித் தாவிப் போக வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் விமானம் என்பதால் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் புதன்கிழமையே கிளம்பி அடுத்த செவ்வாய்தான் திரும்ப முடிகிற வாரங்கள் உண்டு. பிரிஸ்பேனில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் அதற்கு ஒரு ஆஸ்திரேலிய விசா. மோர்ஸ்பிக்காரன் தன் நாட்டிலேயே லே நகரத்துக்குப் போவதென்றாலும் விமானமோ கப்பலோதான், தலைநகரிலிருந்து அங்கே சாலை கிடையாது. அப்படிப்பட்ட ஊர்.

அணியின் பயணத்தை எங்கள் ஏஜென்சி கவனிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வந்தவர்கள், அணியின் பின்னாலேயே போக ஆசைப்பட்ட ஆதரவாளர்கள், ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு டிக்கெட் போட்டே எனக்கு ஆட்ட அட்டவணை மனப்பாடம் ஆகிவிட்டது. அதுவரை எனக்குக் கால்பந்து என்றால் உலகக் கோப்பை சமயத்தில் நாலு நாள் தூக்கம் கெடுவது, அவ்வளவுதான்.

அந்த ஊருக்குமே இது இரண்டாவது விளையாட்டுதான். அங்கே உயிரைக் கொடுப்பது ரக்பி லீக்குக்கு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதுகிற நாளில் மோர்ஸ்பியில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ள மாட்டார்கள். நம் கால்பந்துக்கு சோக்கா என்று பெயர், கொஞ்சம் இளப்பமாகத்தான் சொல்வார்கள். ஓசியானியாவின் கிளப் கோப்பையை 1987 முதல் அதுவரை ஆஸ்திரேலிய அணிகளும் நியூசிலாந்து அணிகளும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. 2006இல் ஆஸ்திரேலியா ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்குப் போனதும் ஆக்லாந்துப் பகுதியின் இரண்டு அணிகள், ஆக்லாந்து சிட்டியும் வைட்டாக்கரே யுனைடெட்டும், தங்களுக்குள் பங்கிட்டு எடுத்துக்கொண்டன. அந்த சீசனில் இரண்டும் ஒரே பிரிவு. டஹிட்டிக்கும் நியூ கலிடோனியாவுக்கும் அவர்களும் பறக்க வேண்டியிருந்தது என்றாலும், தங்களுக்குள் மோதிய இரண்டு ஆட்டத்துக்கு டாக்சியே போதும். எந்தப் பத்திரிகையிலும் இதை ஒரு காரணமாக எழுதி நான் பார்த்ததில்லை. டிக்கெட் போடுகிறவன் கணக்கில் இது பெரிய காரணம். பாதி ஆட்டம் விமான நிலையப் பெஞ்சிலேயே போய்விடுகிறது.

ஹெக்காரி மேல் ஒரு குறை சொல்வார்கள், இப்போதும் சொல்கிறார்கள்: ஃபிஜியிலிருந்தும் சாலமன் தீவுகளிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்து ஜெயித்தார்கள் என்று. கூட்டி வந்தது உண்மைதான். அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரிந்ததில்லை, நானும் கூலிக்குக் கடல் தாண்டி வந்தவன்தானே. ஐரோப்பாவில் இதைச் செய்தால் அணியை வலுப்படுத்தினார்கள் என்று எழுதுவார்கள். ஆனால் அங்கே பொதுப் பேச்சுக்கு உள்ள டோக் பிசின் மொழியில் வான்டோக் என்று ஒரு சொல் இருக்கிறது, ஒரே மொழிக்காரன், நம்மாள் என்று அர்த்தம். எண்ணூறுக்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் வேலை, கல்யாணம், கடன், சண்டை எல்லாமே வான்டோக் கணக்கில்தான் நடக்கும். அந்த ஊர்க்காரர்கள் ஒரு ஃபிஜிக்காரன் கோல் போட்டதற்குத் தொண்டை வற்றக் கத்தினார்கள் என்பதை ஒரு வெளியூர்க்காரனாக நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

லவுட்டோக்கா அணி வந்தபோது கூடவே வந்த இருவர் திரும்பும் டிக்கெட்டை மாற்ற எங்கள் கவுண்டருக்கு வந்தார்கள். ஒருவர் கவுண்டர், இன்னொருவர் பிள்ளை. (கவுண்டருக்குக் கவுண்டர் வந்தார் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், சொல்லிச் சிரிக்க ஆளில்லை.) 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். தமிழ் வரவில்லை, ஃபிஜி இந்தியில்தான் பேச்சு. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது, அதுவும் குடும்பப் பெயராக.

இந்தப் பெயர் விவகாரம்தான் என் தொழிலின் வயிற்றுவலி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது என் அப்பா பெயர். வெளிநாட்டில் எல்லாரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், செத்துப்போன மனிதருக்கு தினமும் நாற்பது போன். பப்புவா நியூ கினியில் பலருக்கும் இதே கதைதான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று, அப்பா பெயரோ தாத்தா பெயரோ இன்னொன்று. பாஸ்போர்ட் எடுத்த அன்று எந்த இரண்டைச் சொன்னார்களோ அதுதான் உலகத்துக்கு அவர் பெயர். இந்தக் குழப்பம் என் வீட்டுக் குழப்பம் என்பதாலேயே ஆபீசில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்கும் வேலை என்னிடம் இருந்தது. அதில்தான் நான் கோட்டை விட்டேன்.

ஹெக்காரி தன் பிரிவில் முதலிடம் வந்தது. இறுதியில் எதிரே வைட்டாக்கரே, இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் மோர்ஸ்பியில், 2010 ஏப்ரல் 17, சனிக்கிழமை, ரக்பி லீக் மைதானத்தில். எங்கள் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம். டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு நாள் முன்னால் ஐஸ்லாந்தில் வெடித்த எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளியை மூடத் தொடங்கினார்கள். உலகத்தின் மறுகோடியில் சாம்பல் பறந்தால் மோர்ஸ்பியில் எனக்கென்ன என்று கேட்பீர்கள். சுரங்கக் கம்பெனி ஆட்கள், பாதிரியார்கள், லண்டன் போகிறவர்கள், ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வருகிறவர்கள், பாதிப் பேர் சிங்கப்பூரில் நிற்கிறார்கள், மீதிப் பேர் என் போனில் நிற்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை நான் ஹெட்செட்டைக் கழற்றவே இல்லை. நடுநடுவே ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. காவலாளி உள்ளே எட்டிப் பார்த்து மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். 3-0. நான் பார்த்த இறுதிப் போட்டி அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டம் மே 2, ஞாயிறு, ஆக்லாந்தில் ஃபிரெட் டெய்லர் பார்க். 3-0 என்றதும் போக வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. எங்கள் காவலாளியின் வான்டோக்குகள், பதினொரு பேர். விசாவை அவர்களே பார்த்துக்கொண்டார்கள், நாங்கள் குரூப் டிக்கெட் மட்டும். பட்டியலைக் கையால் எழுதி எடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், அறுபது வயதுக்கு மேல். வயதானவர்களை அங்கே மரியாதையாகப் பாப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். வெள்ளைத் தாடி வைத்த மனிதரை வாய்கூசாமல் பாப்பா என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பாப்பா பத்துப் பேருக்கும் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். கடைசியில் தன் பெயரை மட்டும் ஊரில் வழங்குகிறபடி எழுதிவிட்டார். சொந்தப் பெயருக்கு யார் பாஸ்போர்ட்டைப் புரட்டுவார்கள்? புரட்ட வேண்டியவன் நான். பாஸ்போர்ட் நகல்கள் பதினொன்றும் அதே கவருக்குள் இருந்தன. எரிமலை வாரம், டிக்கெட்டிங் டைம் லிமிட் அன்று மாலையோடு முடிகிறது, நான் பட்டியலைப் பார்த்து அடித்து, காசைக் கட்டி, டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

மே 1, சனி, விடிவதற்குள் போன். ஜாக்சன்ஸ் விமான நிலையம், செக்-இன் கவுண்டர். டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் வேறு பெயர். ஒரு எழுத்து மாறியிருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம், இது முழு ஆளே வேறு. கவுண்டரில் இருந்த பெண் செய்தது சரி, நானாக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். புது டிக்கெட் எடுக்கலாம் என்றால் விமானத்தில் இடம் இல்லை. அடுத்த விமானத்தில் போனால் பிரிஸ்பேனிலிருந்து ஆக்லாந்துக்கு ஆட்டம் முடிந்துதான் போய்ச் சேர முடியும். முகம்கூடக் கழுவாமல் போய் நின்ற என்னைப் பார்த்து பாப்பா சொன்னது ஒரே சொல்: மாஸ்கி. போகட்டும் விடு என்று அர்த்தம். மற்ற பத்துப் பேரும் உள்ளே போனார்கள், அதில் ஒருவன் அவர் தங்கை மகன். பாப்பா கழுத்திலிருந்த சிவப்புத் துண்டைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு அனுப்பினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் எனக்கு வேலை இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனேன். வாசலில் மரத்தடியில் காவலாளியும் பாப்பாவும் புவாய் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு தகரப்பெட்டி மேல் பாப்பாவின் போன். மூன்று வருஷம் முன்னால் டிஜிசெல் என்ற செல்போன் கம்பெனி வந்த பிறகுதான் அந்த ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தது, அதுவும் பேசக் காசில்லாமல் குறுஞ்செய்தி மட்டும். நானும் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு பாக்கு கொடுத்தார்கள். ஆக்லாந்து எங்களைவிட 2 மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர், இந்நேரம் முடிந்திருக்க வேண்டுமே, முடிந்திருக்க வேண்டுமே என்று காவலாளி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் போன் தகரத்தின் மேல் கடகடவென்று அதிர்ந்தது. பாப்பா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். தங்கை மகன் அனுப்பியது: "யூமி லூஸ், தசோல் யூமி வின்."

தோற்றோம், ஆனால் ஜெயித்தோம். அன்றைய ஆட்டம் வைட்டாக்கரேவுக்கு 2-1. இரண்டையும் கூட்டினால் ஹெக்காரிக்கு 4-2. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அல்லாத ஒரு நாட்டுக்கு முதல் முறையாக அந்தக் கோப்பை. காவலாளி சாலையில் இறங்கி ஓடினார், எதற்கு ஓடினார் என்று அவருக்கே தெரியாது. எனக்கோ கண் அந்தச் செய்தியின் முதல் சொல்லிலேயே நின்றது. டோக் பிசினில் நாங்கள் என்பதற்கு மிபெலா, நாம் என்பதற்கு யூமி. தமிழ் மாதிரியே கேட்பவரைச் சேர்த்தா சேர்க்காமலா என்று இரண்டு சொல். இங்கிலீஷ்காரர்களுக்கு இதைப் புரியவைக்கப் பாதி நாள் ஆகும், எனக்குப் படித்த உடனே தொண்டை அடைத்துக்கொண்டது. அங்கே மைதானத்தில் நின்ற பத்துப் பேரைத்தான் அவன் எழுதியிருக்க வேண்டும், மிபெலா என்று. எழுதவில்லை.

டிக்கெட் பணத்தை என் சம்பளத்திலிருந்து நாலு தவணையில் கட்டினேன், அது நியாயம்தான். அதன் பிறகு நான் பட்டியலைப் பார்த்து எந்தப் பெயரையும் அடித்ததில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பேன், கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த டிசம்பரில் ஹெக்காரி அபுதாபியில் உலக கிளப் கோப்பைக்குப் போய் அல் வஹ்தாவிடம் 3-0 என்று தோற்றுத் திரும்பியது. அதற்குச் சில வாரம் முன்னால் பாப்பா ஆபீசுக்கு வந்தார். அபுதாபிக்கு என்ன ஆகும் என்று கேட்டார். சிங்கப்பூர் வழியாகப் போட்டுப் பார்த்துத் தொகையைச் சொன்னேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், அவர் பென்ஷனில் ஒரு வருஷத்துக்கும் கட்டாது. சும்மா விலை கேட்கத்தான் வந்தேன் என்றார். என்றாலும் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் இருந்த பக்கத்தை விரித்து, நான் படிக்க வசதியாக என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார்.