முப்பத்தொன்பது வரை

ஓகஸ்ட் 1

விரதம் தொடங்கிவிட்டது. பதினைந்தாம் திகதி மாதா திருநாள் வரை இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. எண்ணெய்கூடச் சனி, ஞாயிறில் மட்டும்தான். டொக்டர் கூடாது என்று எழுதியே கொடுத்தவர். மேடம் நிக்கோசியாவிலிருந்து போனில் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார். யாயா, நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி, எல்லாவற்றுக்கும் "நே, நே" என்றார். இங்கே சைப்பிரஸில் கிரேக்கம், நே என்றால் ஆம். வந்த புதிதில் அதை 'நோ' என்று நினைத்து எத்தனை கப் கோப்பியைத் திருப்பிக் கொண்டுபோய் ஊற்றியிருப்பேன். போனை வைத்த கையோடு லூவி அவிக்கச் சொன்னார். நம்முடைய கௌப்பிதான், தேசிக்காய் பிழிந்தால் லூவி.

ஓகஸ்ட் 2

வீக்கம் அப்படியே. விரலால் அமத்தினால் குழி நிற்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது, யாயாவின் பாதம் மட்டும் ஐஸ். சுடுதண்ணிப் போத்தல் வைக்கவா என்றால் வேண்டாமாம். விரதத்தில் சுகம் தேடக்கூடாதாம். இந்தச் சட்டத்தை எந்தச் சுவாமியார் போட்டார் என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 4

ஞாயிறு. பஸ் எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் நிக்கோசியாவில் சேர்ந்து மீன்குழம்பு வைத்துப் படம் அனுப்பினார்கள்.

அடுத்த தெருத் தாத்தா போன மாசி மாதம் செத்தார். எட்டாம் நாள் அந்த நேபாளப் பிள்ளையின் பெட்டி வாசலில் இருந்தது. வீட்டுக்காரர் கெட்டவர்கள் இல்லை, அழுதுகொண்டுதான் கொடுத்தார்கள் வேலையிலிருந்து விடுவிக்கும் ரிலீஸ் பேப்பரை. அதற்குப் பிறகு அவள் ஓடி ஓடி வீடு தேடினாள். இங்கே தங்குவதற்கான என் அனுமதித் தாள், பிங்க் ஸ்லிப், அதில் என் பெயர்தான் இருக்கிறது, ஆனால் யாயா இருந்தால்தான் அது செல்லும். இதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைக்கிறேன். இரவு செபமாலை சொல்லும்போது, "யாயாவுக்குச் சுகம் கொடு தாயே" என்று வாய் சொல்கிறது. உள்ளே ஒரு குரல் மார்ச் வரையாவது என்று திகதி போடுகிறது. மார்ச்சில் சின்னவனுக்கு ஓ லெவல் முடிந்துவிடும். மாதாவுக்கு இரண்டும் கேட்குமா, சத்தமாகச் சொன்னது மட்டும் கேட்குமா?

மூன்று தரம் எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் தரம் கண்ணை மூடியபடியே, "இன்னும் சாகவில்லை, போய்ப் படு" என்றார்.

ஓகஸ்ட் 6

இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மீன் சாப்பிடலாம். ஊரில் மடு மாதா கோயிலில் கொடியேற்றம். அம்மா போனை உயர்த்திப் பிடித்து மணிச்சத்தம் கேட்கவைத்தார். கொட்டில் கிடைக்கவில்லையாம், மரத்தடியில் பாய் விரித்திருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 7

அசினு, அசினு, அசினு. மூன்று நாளாக இந்த மலைக்கோயில் பேச்சுத்தான். பதினைந்தாம் திகதி சனம் நெரியும், அதற்கு முன்னே போய்விட வேண்டுமாம். மேடத்திடம் கேட்டால் முடியாது என்பார். அதனால் பேரனைப் பிடித்திருக்கிறார்.

யாயாவின் சொந்தக் கோயில் அசினு இல்லை. லிசி. 74இல் துருக்கிப் படை வந்தபோது கட்டிய துணியோடு விட்டுவந்த ஊர், இப்போது துருக்கியர் பக்கம். 2003இல் வழி திறந்ததும் போய்ப் பார்த்திருக்கிறார். ஊருக்கு வெளியே இருந்த சின்னக் கோயிலுக்குள் அண்ணாந்தால் வெறும் கல். கும்மட்டத்தில் இருந்த கிறிஸ்துவையும் சுற்றி நின்ற சம்மனசுகளையும் முப்பத்தெட்டுத் துண்டாக வெட்டிக் கடத்திவிட்டார்கள். அமெரிக்காவில் மெனில் என்ற அறக்கட்டளை காசு கொடுத்து மீட்டு, ஒட்டவைத்து, ஹூஸ்டனில் அதற்கென்றே ஒரு கட்டடம் கட்டி, 1997 தொடக்கம் பதினைந்து வருடம் வைத்திருந்தது. 2012இல் திரும்பி வந்தது. எங்கே, லிசிக்கா? நிக்கோசியா மியூசியத்துக்கு. யாயா ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், பிறகு போகவே இல்லை. "ஆஸ்பத்திரியில் பார்த்தமாதிரி இருந்தது" என்றார்.

நானும் சொன்னேன். 2008 சித்திரையில் செல்லடிக்கு நடுவே எங்கள் மடு மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனது, ஆவணியில் திரும்பக் கொண்டுவந்தது எல்லாம். என் கிரேக்கத்தில் இதைச் சொல்லி முடிக்க ஒரு சட்டி லூவி ஆறிவிட்டது. யாயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"எத்தனை துண்டு?"

முழுசாகத்தான் யாயா.

"நே," என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

ஓகஸ்ட் 9

போய்வந்தோம். கை நடுக்கம் இன்னும் போகவில்லை, தூக்கின நடுக்கம்.

நிகிதாரி ஊர் தாண்டியதும் வீடுகள் இல்லை, பைன் மரமும் சில்வண்டும்தான். பேரன் காரை நிறுத்தி இதுதான் என்றபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாட்டுக் கொட்டில் மாதிரி இருக்கிறது. செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை, கல்லுச் சுவர், மணிக்கூண்டு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் வளைவுக் கூரையை மழையும் பனியும் தொடாமல் இருக்க மேலே இன்னொரு கூரை போட்டிருக்கிறார்களாம், குடைக்கு மேல் குடை. யுனெஸ்கோ 1985இல் பட்டியலில் சேர்த்த மலைக்கோயில்களில் இதுவும் ஒன்று என்று பேரன் சொன்னான். யாயா காதில் வாங்கவில்லை.

வாசற்படியில் சக்கர நாற்காலி ஏறவில்லை. நானும் பேரனும் இரண்டு பக்கம் பிடித்தோம். காலை நான் பிடித்தேன். காலுறைக்கு வெளியே குதிக்கால், அதே குளிர்.

உள்ளே போனதும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு சுவர் ஒவ்வொன்றாக முகம் காட்டத் தொடங்கும். ஓரங்குல இடம்கூட வெறுமையாக விடவில்லை. நீலம், காவி, அப்புறம் ஒரு பச்சை, பழைய செப்புக் குடத்தில் களிம்பு பிடித்தால் வருமே அது. எங்கள் பக்கம் சுரூபம், இங்கே சுரூபமே கிடையாது, எல்லாம் சுவருக்குள். நான் சிலுவை போட்டேன். யாயா கையில் ஒரு தட்டுத் தட்டினார். இவர்கள் வலத்திலிருந்து இடம், நாங்கள் இடத்திலிருந்து வலம். நாலு வருடமாக நடக்கும் சண்டை.

காவல் இருந்தவர் படம் எடுக்க விடவில்லை. அம்மாவுக்கு அனுப்ப வழியில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சுவரில் இருந்த எழுத்தைப் பேரன் காவல்காரருடைய உதவியோடு வாசித்தான். கட்டிக்கொடுத்தவர் பெயர் நிகிபோரோஸ். வருடம் 6614. உலகம் படைத்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்காம், நம் கணக்கில் 1105க்கும் 1106க்கும் இடையில் வரும். அந்த நிகிபோரோஸும் சுவரில் நிற்கிறார், இந்தக் கோயிலையே விளையாட்டுச் சாமான் மாதிரிக் கையில் ஏந்திக்கொண்டு. "காசுக்காரன்" என்று யாயா கடந்துபோனார். முன்மண்டபத்து ஓவியம் இருநூறு வருடத்துக்கும் மேல் பிந்தினது. அங்கே ஒரு பெண் சிங்கத்தின் மேல் இருக்கிறாள், கையில் பாம்பு. நான் அம்மனே என்று நின்றுவிட்டேன். அது பூமியாம், இறுதித்தீர்வையில் தான் விழுங்கின செத்தவர்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாளாம். எனக்கு அம்மன்தான்.

யாயா கேட்டது நாற்பது பேரை. அவர்கள் முன்னால் நாற்காலியைத் திருப்பி நிறுத்தினோம். இடுப்புத்துணியோடு நெருக்கி நிற்கிற ஆண்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு. குளிர் சுவரிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. செபாஸ்தே ஊர்ப் போர்ச்சேவகர். கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டோம் என்றதற்கு உறைந்த குளத்தில் விட்டார்கள். கரையிலே வெந்நீர் வீடு, மறுதலிக்கிறவன் வந்து குளிக்கலாம். ஒருவனால் தாங்க முடியவில்லை, ஓடினான், சூடு பட்டதும் செத்துவிழுந்தான். காவலுக்கு நின்ற சேவகன் தன் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த வெற்றிடத்தில் போய் நின்றான். கணக்குத் திரும்ப நாற்பது.

"எண்ணு," என்றார் யாயா.

முப்பத்தேழு வந்தது. திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்பது. முகத்துக்குப் பின்னால் முகம், எதை விட்டேன் என்று தெரியவில்லை. யாயாவுக்குச் சிரிப்பு. "யாருக்கும் வராது."

திரும்பும்போதுதான் கதவுக்கு மேலே பார்த்தேன். மாதா கட்டிலில் கிடக்கிறா. சுற்றி அப்போஸ்தலர்கள், நடுவில் கிறிஸ்து அவவின் ஆத்துமாவைத் துணி சுற்றின கைக்குழந்தை மாதிரித் தூக்கி வைத்திருக்கிறார். தாயை மகன் தூக்கி வைத்திருக்கிறான். கால்மாட்டில் ஒருவர் குனிந்து பாதத்தோடு முகத்தை வைத்திருக்கிறார். யாயா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காலம்.

ஓகஸ்ட் 10

பூட்டினமாதிரி அதே நினைவு. ஓடினவன் பெயர் யாருக்கும் தெரியாதாம். அவன் குளிர் தாங்காமல்தானே ஓடினான்.

ஓகஸ்ட் 11

மேடம் வந்தார். கோயிலுக்குப் போனது தெரிந்துவிட்டது. பேரனுக்கு ஏச்சு, எனக்கு மௌனம். மௌனம்தான் மோசம். பின்னேரம் குசினியில் வைத்து, நிக்கோசியாவில் ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். "உனக்கு நல்ல கடிதம் எழுதித் தருவேன்." தாங்க்யூ மேடம் என்றேன். கௌப்பி அடிப்பிடித்துவிட்டது.

ஓகஸ்ட் 12

சின்னவனுக்கு டியூஷன் காசு அனுப்பினேன்.

ஓகஸ்ட் 13

இரவு இரண்டு மணிக்குத் தூபக்கால் கொண்டுவரச் சொன்னார். தலையணை மூன்று வைத்தும் படுக்க முடியவில்லை, இந்த நெஞ்சோடு புகை வேறா என்று நான் கத்திவிட்டேன். முதல் தரம் கத்தியிருக்கிறேன். கேட்கிற ஆளா. கரி மூட்டி, கோயிலில் வைத்து எடுத்த ஒலிவ இலையைப் போட்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். பிடியை வாங்கி, நடுங்கின கையோடு, என் தலையைச் சுற்றினார். மூன்று தரம். தனக்குச் சுற்றவில்லை. "உனக்குக் கண்ணூறு, கோரி மு. முகமே சரியில்லை." கோரி மு என்றால் என் மகளே.

அம்மம்மா உப்பும் மிளகாயும் சுற்றுவா, மூன்று தரம்தான்.

மார்ச் என்று திகதி போட்டதை மாதாவிடம் திருப்பி வாங்கமுடியுமா?

ஓகஸ்ட் 14

சுடுதண்ணி கேட்டார்.

காலுக்கு. அவராகவே. பேசின் கொண்டுவா, சூடாகக் கொண்டுவா என்றார். பதின்மூன்று நாளாகப் போத்தலைத் தள்ளிவிட்ட மனிசி. கேத்தலைப் பிடித்தபடி குசினியில் நின்றேன், எவ்வளவு நேரமோ தெரியாது. உள்ளேயிருந்து, "என்ன, தண்ணியைக் கிணற்றிலிருந்தா அள்ளுகிறாய்?" என்று சத்தம். கையை விட்டுப் பார்த்தேன், சூடு கூட. பச்சைத்தண்ணி கலந்தேன். இரண்டு பாதத்தையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். "ஆ," என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் இருந்தபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணி ஆறும் வரை.

ஓகஸ்ட் 15

அம்மா விடியவே எடுத்தார். மடுவில் பூசை தொடங்கிவிட்டது. சனத்தின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. "யாயாவுக்கும் சேர்த்து நேர்ந்திருக்கிறேன்" என்ற மாதிரிக் கேட்டது.

இங்கே முட்டை அவித்து வைத்திருக்கிறேன். இன்னும் எழும்பவில்லை. மூச்சு வருகிறது, இப்போதுதான் பார்த்தேன்