தடத்தோடு காற்றையும் எழுதிக் கொடுங்கள்

கோவையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிவண்டி ஓட்ட நல்ல வழி எது என்று கேட்பவர்களிடம், எந்த மாதத்தில் கிளம்புகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே அமைந்த ஊர் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு புகுந்து, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கிழக்கே போகிறது. அந்த மாதங்களில் காங்கேயம், தாராபுரம் என்று கிழக்கே கிளம்பினால் போகும்போது சுகமாகத்தான் இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுத்து, களைத்த காலோடு திரும்பும் நேரத்தில் அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று நேர் எதிரே வந்து நிற்கும். ஆகவே ஆடியில் மேற்கே போய்க் கிழக்கே திரும்புவதே முறை. நெடுஞ்சாலையைத் தவிர்த்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாகப் பாலக்காடு சென்று வருவது எனக்கு மிகவும் பிடித்த தடம். திரும்பும்போது காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் காற்று திசை மாறுவதால் இந்தக் கணக்கும் மாறும்.

செயற்கைக்கோள் படத்தில் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டுப் பாதைகள் ஆசை காட்டும். தென்னந்தோப்பு நிழலில், லாரித் தொல்லையின்றிப் போகலாம் என்பது உண்மையே. ஆனால் அது என்ன மண் என்பதைப் படம் சொல்லாது. கரிசல் மண்ணாக இருந்து முந்தைய நாள் மழையும் பெய்திருந்தால், சேறு டயரில் அப்பி, பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்தாலும் பத்தடி போவதற்குள் மறுபடியும் அடைத்து வண்டி நின்றுவிடும். காய்ந்த பிறகோ, உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்து ட்யூப் வரை இறங்கும். எனவே, முழுக்க ஓட்டிப் பார்க்காத தடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தடத்தைப் பதிந்து பகிர உதவும் ஜிபிஎக்ஸ் கோப்பில் இருப்பது கோடு மட்டுமே. விடியுமுன் பால் காய்ச்சும் பேக்கரி எந்த முக்கில் இருக்கிறது, பஞ்சர் கடை எந்த ஊரோடு முடிகிறது என்பதையெல்லாம் நாம்தான் எழுத வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோட்டூர், அங்கலக்குறிச்சி வழியாக ஆழியாறு வரை கடைகளுக்குக் குறைவில்லை. அதற்கு மேல் வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதால், புட்டிகளை அணையருகிலேயே நிரப்பிக்கொள்ளச் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர மிதிவண்டி ஓட்டமான பிரெவேயில், 200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் பதின்மூன்றரை மணி நேரத்தில் தேநீர் குடிக்கும் நேரமும் அடக்கம் என்பதால், கடை தேடி அலையாமல் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் ஓட்டுபவருக்கு உதவும்.

காட்டு வழியே மலையேறும் ஆனைகட்டித் தடத்தைப் பகிர்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாம் கொடுத்த தடத்தை நம்பி வருபவர் அந்தச் சாலைக்கு முற்றிலும் புதியவராக இருக்கலாம். இருட்டில் யானை சாலையோரம் நின்றாலும் அவருக்குத் தெரியாது. அடிவாரத்து மாங்கரையை நன்றாக விடிந்த பிறகே தாண்ட வேண்டும், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று குறிப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். காட்டுக்குள் பிரியும் மண்பாதைகள் கோப்பில் பதிவாகியிருந்தால், பகிர்வதற்கு முன் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.