இடது பக்கம் படுத்த நாட்கள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார் அவர். இடது பக்கம் படு, கனம் தூக்காதே, படி ஏறாதே. பாத்ரூமுக்கு மட்டும் எழுந்து போகலாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, நாள் போகப் போகப் பலருக்கு மேலே ஏறிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை ஆட்டோவில் வரும்போது முழுக்க உருப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தங்கை பரணிலிருந்து பழைய அட்டைப்பெட்டியை இறக்கினாள். "பொழுது போகணும்ல அக்கா." மேலேயே இருந்தது அந்தக் கறுப்பு அட்டை. முன்னால் வெள்ளை ராணி, பின்னால் சிவப்புச் சிப்பாய். பிரேக்கிங் டான், ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் கதையில் நான்காவது, கடைசிப் பாகம். லஸ் நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது. முதுகில் ஒட்டிய டேப் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது.

ஜூன் 4

காலையில் பத்து உதை. ராத்திரி பத்து உதை.

ஜூன் 6

அந்தப் புத்தகம் 2008 ஆகஸ்ட் 2-ம் தேதி வந்தது. அமெரிக்காவில் நள்ளிரவில் கடைகளைத் திறந்துவைத்து விற்றார்கள். முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள். அப்புறம் ஒரே வாரத்துக்குள் சண்டை. மூன்று பாகம் முழுக்க உயிரை வைத்துப் படித்தவர்களே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரியைக் கட்டிக்கொண்ட கதாநாயகி பெல்லாவின் பிரசவத்தைத் தாங்க முடியாதவர்கள் ஒரு பக்கம், கடைசியில் போரே நடக்கவில்லை என்று ஏமாந்தவர்கள் ஒரு பக்கம். ஆனால் எல்லாரையும் வெட்டிப் பிரித்தது ஒரே விஷயம்தான். ஓநாயாக மாறுகிற ஜேக்கப், பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த பாதி ரத்தக்காட்டேரிக் குழந்தையைப் பார்த்த நொடியில் அவளுக்கென்றே ஆகிப்போவது. இம்ப்ரின்ட்.

எனக்கு அப்போது 17 வயது, தங்கைக்கு 13. நான் அழுதேன். ஜேக்கப்புக்கு யாராவது கிடைத்தாளே என்று அழுதேன். அவள் புத்தகத்தை அறையின் மறுகோடிக்கு வீசினாள். பின்னட்டையின் மூலை இன்னும் மடங்கித்தான் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

தங்கையிடம் மறுபடி கேட்டேன், ஏன் வீசினாய் என்று. அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பாகமா பெல்லாவுக்காக உருகினவன், அவ பொண்ணைப் பார்த்ததும் எல்லாம் மறந்துடுச்சுன்னா, முன்னாடி இருந்தது என்ன?"

சரிதான். ஆனால் ஆசிரியர் இதற்கு நூல் போட்டு வைத்திருக்கிறார். குழந்தை வயிற்றில் இருந்ததால்தான் பெல்லா பக்கம் அவ்வளவு இழுத்தது என்று வருகிறது. இன்னொன்றும் உண்டு, அப்போது நான் தாண்டிப் போயிருக்கிறேன். கதைப்படி மனிதர்களுக்கு 23 ஜோடி குரோமோசோம், ரத்தக்காட்டேரிகளுக்கு 25. ஜேக்கப்புக்கு 24. அந்தக் குழந்தைக்கும் 24. ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் நடுவில் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். ஜாதகம் பொருந்துவது போல. படித்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 9

ராத்திரி எட்டோடு நின்றுவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் குடித்து, பதினொன்றரைக்குப் பத்து.

ஜூன் 12, வியாழன்

நாத்தனார் வந்திருந்தார், பையனையும் கூட்டிக்கொண்டு. நாலு வயசு. கட்டில் ஓரத்தில் நின்று என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். கையெல்லாம் பிஸ்கட் தூள். உள்ளிருந்து ஒரு உதை. அவன் சட்டென்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா, இப்பவே தெரியுது அவளுக்கு. பொண்ணா இருந்தா என் பையனுக்குத்தான், வேற எங்கயும் போகக் கூடாது" என்றார் நாத்தனார். அத்தை சிரித்தார். அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார்.

பெண்ணா பையனா என்று யாருக்குத் தெரியும். நம் ஊரில் ஸ்கேனில் சொல்லக் கூடாது. தெரியாத குழந்தைக்கு முறை சொல்லியாகிவிட்டது.

இதை எழுதாமல் தூங்க முடியவில்லை. விளையாட்டுக்குத்தான் சொன்னார், அவர் மனசு எனக்குத் தெரியும், பிரசவத்துக்கு நெய்யும் பூண்டும் இப்போதே வாங்கி வைத்திருக்கிறவர். ஆனால் விளையாட்டாகச் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இருபது வருஷம் நடந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், யாராவது ஒருவர் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அது நான் எப்போதோ கொடுத்த வாக்கு மாதிரியே ஆகிவிட்டது.

ஜூன் 13

அம்மாவிடம் ஜேக்கப் கதையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். ஓநாய், ரத்தக்காட்டேரி எதுவும் அவரை அசைக்கவில்லை. "பிறந்த குழந்தையைப் பார்த்து, இவதான்னு முடிவு பண்ணிட்டானா? இதுல என்ன இருக்கு. உன்னை ஆஸ்பத்திரியில தம்பி கையில கொடுத்தப்ப அவன் கீழே இறக்கவே இல்லையே. பதினோரு வயசுப் பையன். இவ எனக்குத்தான்னு சொன்னான்."

அமெரிக்காவில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவைத்த இடம் அம்மாவுக்கு முறைமாமன் கதை.

நான் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு 20. அதையும் அம்மா சொல்வார் என்று காத்திருந்தேன். கீரைத் தண்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நல்ல நாள். மழை வாசம், ஜன்னல் திறந்திருக்கிறது, அவர் தலைவாரிப் பின்னிவிட்டார், கோணலாக.

போனில் நிறையப் படித்தேன். ஓநாய் மனிதனுக்கும் ரத்தக்காட்டேரிக்கும் ஆதியிலிருந்தே பகை என்று நானும் நினைத்திருந்தேன். நேர்மாறாக இருக்கிறது. செர்பிய மொழியில் வுகோட்லாக் என்று ஒரு சொல். ஓநாய் முடி என்று பொருள். ஓநாய் மனிதனைக் குறித்த அந்தச் சொல்லே பிறகு ரத்தக்காட்டேரிக்கும் ஆகிவிட்டது. கிரேக்கத்தின் விரிகோலகாஸ் அதே வேரிலிருந்து வந்தது, அங்கே அது கல்லறையிலிருந்து எழுந்து வருகிற பிணம். உயிரோடு இருந்தபோது ஓநாயாக அலைந்தவன் செத்தபின் ரத்தக்காட்டேரி ஆவான் என்ற நம்பிக்கையும் அந்தப் பக்கங்களில் உண்டு. 1897-ல் வந்த டிராகுலாவிலும் பிரபு ஓநாய்களை ஏவுகிறான், தானே நாய் உருவெடுத்துக் கப்பலிலிருந்து குதிக்கிறான். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பகையெல்லாம் நேற்று வந்தது.

தங்கைக்கு அனுப்பினேன். "அப்போ கல்யாணம் சொந்தத்துலதான்" என்று பதில். வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது, சிரித்தேன்.

ஜூன் 18

விடிகாலை மூன்றே முக்கால். மறுபடியும் ரத்தம்.

ஜூன் 20

இரண்டு யூனிட் ஏற்றினார்கள். முதல் பாட்டில் ஓடும்போது உடம்பு சில்லிட்டது, கம்பளி கொடுத்தார்கள். குழாயில் அது கறுப்பாகத்தான் தெரிகிறது, சிவப்பாக இல்லை. சொட்டு விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெல்லா மூடி போட்ட கோப்பையில் உறிஞ்சுகுழல் வைத்து ரத்தம் குடிக்கிற இடம். 17 வயதில் அந்தப் பக்கங்களைச் சீக்கிரமாகப் புரட்டினேன். அருவருப்பு என்று எத்தனையோ பேர் சொன்ன இடம் அது. உள்ளே இருக்கிற குழந்தை உதைத்து அவள் விலா எலும்பு முறிந்திருக்கிறது, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, ரத்தம் குடித்ததும் முகத்தில் நிறம் வருகிறது. எனக்கு இப்போது அதில் அருவருப்பு ஒன்றுமில்லை. நர்ஸ் வந்து என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் கொஞ்சம் நிறம் வந்திருக்கு" என்றார்.

ரத்த வங்கியில் மாற்று ரத்தம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஒருவர். இன்னொருவர் யார் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க மாமா. கும்பகோணத்துலேர்ந்து காலை பஸ்ல வந்துட்டார்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

மாமா உள்ளே வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்று தங்கை சொன்னாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடி, மடியில் ஒரு பை. பையில் எனக்குச் சீடை. மாமா வீட்டு அத்தையும் பிள்ளைகளும் நலமாம்.

நான் மறுத்த பிறகு மாமா ஆறு வருஷம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நான் காரணம் என்று பெரியம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினோரு வயதில் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்து, இது உனக்கு என்று ஒரு வீடே சேர்ந்து சொன்னால், அந்தப் பையன்தான் என்ன செய்வான்? அவனையும் யாரும் கேட்கவில்லை. இதை இத்தனை வருஷத்தில் நான் நினைத்ததே இல்லை.

ஜேக்கப்பையும் யாரும் கேட்கவில்லை. அவன் அந்தக் குழந்தையைக் கொல்லத்தான் மாடியிலிருந்து இறங்கி வருகிறான். பெல்லாவைக் கொன்றது அதுதான் என்று நினைத்துக்கொண்டு. குழந்தையைத் தூக்கிவைத்திருக்கும் ரோசலியின் தோளுக்கு மேலே அது அவனைத் திரும்பிப் பார்க்கிறது, பெல்லாவின் பழைய கண்கள். முடிந்தது. காதல் என்று படித்தவர்கள் உண்டு, சிறை என்று படித்தவர்கள் உண்டு. இன்று படித்தபோது அவன் உடம்பின் நடுக்கம் சட்டென்று நிற்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

லியாவை மறந்துவிட்டார்கள் எல்லாரும். ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் சாம் அவளைத்தான் விரும்பினான். அவள் உறவுக்காரி எமிலியைப் பார்த்ததும் இம்ப்ரின்ட், லியா வெளியே. அதற்குப் பிறகும் அதே கூட்டத்தில் அவளும் ஓநாயாக ஓட வேண்டும், அவன் நினைப்பதெல்லாம் அவள் தலைக்குள் கேட்கும். அந்த ஆறு வருஷத்தில் மாமா எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வராமல் இருந்ததில்லை. பந்தியில் நின்று பரிமாறினார்.

ஜூன் 24

குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி, முதல் டோஸ். 24 மணி நேரத்தில் இரண்டாவது. 31 வாரம்.

ஜூன் 27

தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோனார்கள்.

கதையில் ஜேக்கப்பின் ஊராக வருகிற லா புஷ் நிஜமான ஊர். வாஷிங்டன் மாநிலத்தின் கடற்கரையில் குவிலியூட் மக்களின் ஊர். ஓநாய்களிலிருந்து மனிதர்களானோம் என்பது அவர்களுடைய நிஜமான தொன்மம். குவாட்டி என்ற உருமாற்றுகிறவர் ஓநாய்களை மனிதர்களாக்கினார். அவ்வளவுதான். இம்ப்ரின்ட் அவர்கள் கதையில் இல்லை, ரத்தக்காட்டேரியோடு ஒப்பந்தமும் இல்லை. சியாட்டிலில் இருக்கிற பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து எது நிஜம் எது கற்பனை என்று தனியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. உலகமே அவர்களைக் காதல் கதையில் தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் சுனாமிக்குப் பயந்து மேட்டு நிலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2012-ல்தான் சட்டம் வந்தது, தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர். வாசகர்கள் சண்டை போட்டதில் கால் பங்காவது இதற்குப் போட்டிருக்கலாம். நானும்தான்.

அவர்கள் மொழியில் மூக்கொலி கிடையாது. ம இல்லை, ந இல்லை. அம்மா என்ற சத்தமே அந்த மொழியில் வராது. இருட்டில் உதட்டைச் சேர்க்காமல் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

ஜூன் 30

வீட்டில். கல்லூரித் தோழியோடு முக்கால் மணி நேரம் பேச்சு. அவள் இன்றும் ஜேக்கப் கட்சி. அவள் சொல்வது: அவன் முதலில் அண்ணன், அப்புறம் நண்பன், அவள் வளர்ந்து விரும்பினால்தான் மற்றது, புத்தகத்திலேயே இருக்கிறது. இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் ஏழு வருஷத்தில் முழுசாக வளர்ந்துவிடுவாள், அவளும் கையை நீட்டி அவனைத்தானே தேடுகிறாள் என்றாள்.

பிறந்தது முதல் ஒரே முகம் தினமும் எதிரில் இருந்தால் வேறு யாரைத் தேடும்?

கோபமாகவே பேசிவிட்டேன். அவளுக்குச் சொல்ல நினைத்து விட்டுப்போனது இது. இம்ப்ரின்ட் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கான்ராட் லோரென்ஸ், 1935-ல். வாத்துக் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் முதலில் அசைகிற எதைப் பார்க்கிறதோ அதன் பின்னாலேயே போகும், அவருக்குப் பின்னாலேயே குஞ்சுகள் போயின. அங்கே பதிவது குஞ்சின் மனதில். கதையில் பெரியவன் மனதில் பதிகிறது, குஞ்சு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 750 பக்கத்துக்கு மேல் இருக்கிற புத்தகத்தில் பெல்லா பேசுகிறாள், ஜேக்கப் பேசுகிறான், மறுபடி பெல்லா. அந்தக் குழந்தை ரெனெஸ்மிக்கு ஒரு அத்தியாயம் கூட இல்லை.

ஜூலை 1

தோழிக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இதயம் ஒன்று அனுப்பியிருக்கிறாள்.

ஜூலை 5, சனி

வளைகாப்பு வேண்டாம் என்றுதான் இருந்தோம். அத்தை கேட்கவில்லை, படுத்தபடியே கை நீட்டு போதும் என்றார். நாத்தனார் ஒவ்வொன்றாகப் போட்டார். ஊசி குத்தி நீலம் பாரித்த இடத்தில் வளையல் தட்டாமல், இரண்டு விரலால் சதையை ஒதுக்கி, மெதுவாக. பச்சை, சிவப்பு, பச்சை. கடைசியில் வேப்பிலைக் காப்பு.

எல்லாரும் சாப்பிடப் போனதும் சொன்னேன். "அக்கா, பொண்ணாப் பிறந்தா அந்த முறைப் பேச்சு மட்டும் வேணாம்."

அவர் கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. "விளையாட்டுக்குச் சொன்னேன்மா."

"தெரியும் அக்கா. விளையாட்டுக்கும் வேணாம்."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தலைகாணியைச் சரிசெய்துவிட்டு, உன் மாமாவா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் ஒருத்தர் இருந்தார்" என்றார். பந்தியில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பெல்லா, இம்ப்ரின்ட் விஷயம் தெரிந்ததும், ஜேக்கப்பின் கழுத்தைக் குறிவைத்துப் பாய்கிற இடத்தை ராத்திரி மறுபடி படித்தேன். நடுவில் வந்த லியாவின் தம்பி சேத் அடிபடுகிறான். தாய் ஆகி நான்கு நாள்கூட ஆகாதவள். அத்தனை வாசகர்களின் கோபமும் அந்த ஒரு பாய்ச்சலில் இருக்கிறது, ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே அடங்கிவிடுகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஜூலை 7

கதையில் பெல்லாவின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை என்ன நினைக்கிறது என்று அவள் கணவன் எட்வர்டுக்குக் கேட்கும். அம்மாவை நோகடிக்காமல் இருக்க அது மெதுவாக அசையப் பார்க்கும். இன்று நாள் முழுக்க உதை மெதுவாகத்தான் இருக்கிறது. அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாமா போன் செய்தார். என்னிடமே. எப்படி இருக்கே என்றார், இருக்கேன் மாமா என்றேன். சீடை கடினமா இருந்துச்சா என்று கேட்டார். இல்லை, நல்லா இருந்துச்சு. இன்னும் ரத்தம் வேணும்னா மூணு மாசம் ஆகணுமாம், தெரிஞ்ச பசங்க ரெண்டு பேர் ரெடியா இருக்காங்க என்றார். சரி மாமா. அப்புறம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை, பின்னால் பஸ் ஸ்டாண்ட் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கேட்டேன், மாமா, அன்னைக்கு என்னை உங்க கையில கொடுத்தப்ப

அவர் வந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்கிறார். ராத்திரி எழுதுகிறேன்.