“தாய் நாய் இங்கே இல்லைங்க”
ஒருவழியாக லாப்ரடார் குட்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அலைக்கழித்தவர்களை நினைத்தால் இன்னும் எரிகிறது.

முதலில் நான் தேடிப்போன ப்ரீடர் (குட்டி போட வைத்து விற்பவர்) போனில் எதைக் கேட்டாலும் “இருக்கு, வாங்க” என்றார். போனால், உள்ளே விடாமல் வாசலிலேயே குட்டியைக் கையில் திணித்தார். தாய் எங்கே? “இங்கே இல்லைங்க, வேற இடத்துல இருக்கு.” அங்கே வந்து பார்க்கலாமா என்றதும் முகம் மாறிவிட்டது. குட்டிக்கு எட்டு வாரம் என்று சத்தியம் செய்தார். உதட்டை விலக்கிப் பார்த்தேன். முன்பற்களே இப்போதுதான் ஈறுக்கு வெளியே தலைகாட்டியிருந்தன. அவை முளைப்பது மூன்று, நான்கு வாரத்தில். எட்டு வாரக் குட்டி என்றால் பால்பற்கள் 28-ம் ஏறக்குறைய வந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்; மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இல்லை, மருத்துவர் கையெழுத்தும் இல்லை.

“அதான் சர்டிபிகேட் இருக்கே!” என்று வம்சாவளிச் சான்றிதழை நீட்டினார். அதில் அப்பா அம்மா பெயர் இருக்கும், பரம்பரையாக வரக்கூடிய இடுப்பு மூட்டுக் கோளாறு அவற்றுக்கு உண்டா என்று இருக்காது. அப்புறம் வழக்கமான மிரட்டல்: சாயங்காலம் வேறு ஆள் வருகிறார், அட்வான்ஸ் கொடுத்தால்தான் நிறுத்தி வைக்க முடியும். வரட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்தவர் ‘அபூர்வமான வெள்ளி நிறம்’ என்று கூடுதல் விலை சொன்னார். லாப்ரடாருக்கு அங்கீகரித்த நிறங்கள் கறுப்பு, மஞ்சள், சாக்லேட், அவ்வளவுதான். உட்காரவே இல்லை.

கடைசியில் கிடைத்த அம்மாள் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கட்டியே போடுவீர்களா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது? கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தாய் நாய் கூடத்திலேயே படுத்திருந்தது: மடி தொங்கி, முடி கொட்டி, பார்க்க அழகில்லை. பால் கொடுக்கும் நாய் அப்படித்தான் இருக்கும். இரண்டு வயது முடிந்த பிறகு எடுத்த இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கை, கண் பரிசோதனை எல்லாம் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக வைத்திருந்தார். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் அவரிடமே திருப்பித் தர வேண்டும், விற்கக் கூடாது என்று எழுதி வாங்கினார். இது நமக்கும் பாதுகாப்புதான்.

அந்த ஈற்றில் குட்டி மிச்சமில்லை. அடுத்த ஈற்றுக்காகக் காத்திருந்து, எட்டு வாரம் முடிந்ததும் வாங்கினேன்.

அங்கேயும் ஒரு சிக்கல். குட்டியின் தோலுக்கடியில் அடையாளத்துக்காக வைத்த மைக்ரோசிப்பின் எண்ணை ஸ்கேனரில் படித்துப் பார்த்தோம். உரிமை மாற்றப் படிவத்தில் 15 இலக்கங்களில் இரண்டு இடம் மாறியிருந்தன. அப்படியே பதிவாகியிருந்தால், நாய் தொலைந்து யாராவது சிப்பைப் படித்தாலும் என் பெயர் வராது. அங்கேயே அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் குட்டியைத் தூக்கினேன்.