புண்ணை ஆறவிடாத மருந்து

காலில் நரம்புச் சுருட்டல் புண்ணோடு யார் வந்தாலும், "இதுவரை போட்ட மருந்தை எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவேன். தோல் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் இது. மறுமுறை வரும்போது பை நிறைய, பாதி பிதுக்கிய ட்யூப்கள் வரும்.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படித்தான் வந்தார். புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து, நீர் கசிந்து, அரிப்பு தாங்கவில்லை. பையில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த ஸ்டீராய்டு க்ரீம். அது ஒத்துக்கொள்ளாததால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்த ஃப்ராமைசெட்டின். நியோமைசினும் ஃப்ராமைசெட்டினும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒன்று சேராதவருக்கு மற்றதும் சேராது. "புண்ணுக்குப் போடுற மருந்தே எப்படி டாக்டர் சேராமப் போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வாமை வருவதற்கு மருந்தும் விலக்கல்ல. கலவை க்ரீமில் இன்னொரு தொல்லை உண்டு. நியோமைசின் கிளப்பும் அரிப்பை அதிலுள்ள ஸ்டீராய்டு அமுக்கிவிடும். பூசினால் அடங்கும், விட்டால் கிளம்பும். மருந்து வேலை செய்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

உறுதிசெய்ய பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுப்போம். அதுவரை முதுகு நனையக் கூடாது. சித்திரை வெயிலில் அது பெரிய பாடு. 4ஆம் நாள் மறுபடி பார்ப்போம். நியோமைசின் மெதுவாகக் காட்டக்கூடியது என்பதால் 7ஆம் நாளும் வரச் சொல்வேன். பஸ் பிடித்து வருபவர்களுக்குச் சிரமம்தான், ஆனாலும் விடமாட்டேன். அவருக்கு 4ஆம் நாள் லேசாக இருந்த சிவப்பு, 7ஆம் நாள் தடித்து நின்றது.

எல்லா நேரமும் மருந்துதான் காரணம் என்றில்லை. க்ரீமில் தண்ணீர் இருப்பதால் கெடாமலிருக்க குளோரோகிரெசால், பாரபென் போன்றவை சேர்ப்பார்கள். சில ஆயின்மென்ட்களில் லேனோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பு இருக்கும். இவையும் சிலருக்குச் சேராது. அபூர்வமாக ஸ்டீராய்டே சேராமல் போவதும் உண்டு. எனக்கு ஆதங்கம் லேபிளைப் பார்த்துத்தான். பல ட்யூப்களில் மருந்தின் பெயரும் பிரிசர்வேட்டிவும் இருக்கும், மற்றதெல்லாம் 'க்ரீம் பேஸ்' என்று முடிந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாக அச்சிட வேண்டும்.

ஆசிரியருக்கு வெறும் வாசலினும் கட்டும் போதுமானதாக இருந்தது. சேராத மருந்துகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கண் டாக்டரிடமும் காது டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். சொட்டு மருந்துகளிலும் நியோமைசின் வரும்.